"அஞ்சு நிமிட வேலைதான், ஏறு!"

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் ஸ்கில் டெஸ்ட் அடித்து, வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த கொஞ்ச நாளிலேயே சேஃப்டி கோர்ஸுக்கு அனுப்பினார்கள். தமிழில்தான் நடத்தினார்கள், பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் சைட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. ஹார்னஸைப் போட்டுக்கொள் என்கிறார்கள். கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேட்டால், "அஞ்சு நிமிட வேலைதான், ஏறு" என்கிறார் சூப்பர்வைசர். அவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். மாட்டேன் என்றால் பெர்மிட்டை கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கடன் பாதிகூட அடையவில்லை. அந்தக் கோர்ஸ் வெறும் கார்டுக்காகத்தானா? நான் என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. என் ரூம் நண்பனுக்குப் போன மாதம் வேலையில் கையில் அடிபட்டது. டாக்டர் இரண்டு நாள் லைட் டியூட்டி எழுதினார். எம்.சி. (மருத்துவ விடுப்பு) இல்லாததால் மனிதவள அமைச்சுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அது சரியா?

— பெயர் வேண்டாம், துவாஸ்

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கொக்கி மாட்ட இடம் இல்லாத உயரத்தில் ஏறாதீர்கள். ஐந்து நிமிடமானாலும் ஏறாதீர்கள்.

இதை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். கடனோடு சூப்பர்வைசர் முன்னால் நிற்பது நீங்கள். ஏறக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும், கோர்ஸிலேயே சொல்லியிருப்பார்கள். எப்படி மறுப்பது என்பதை எந்தக் கோர்ஸும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. நம் பயிற்சிகளில் நான் காணும் பெரிய ஓட்டை அதுதான். ஆகவே அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

அதற்கு முன் அந்தக் கார்டைப் பற்றி. அது எதற்கு என்று புரிய, பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரல் 20 பிற்பகல் மூன்றரை மணி அளவில் நிக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில், வட்டப்பாதை ரயில் சுரங்கத்துக்காக ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து விழுந்தது. 4 பேர் இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிக் கட்டு சரிந்து 2 பேர். அடுத்த மாதம் 29ஆம் தேதி கெப்பல் கப்பல் பட்டறையில் ஒரு கப்பலில் தீப்பிடித்து 7 பேர். நாற்பதே நாளில் 13 உயிர். அதுவரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்தைத் தூக்கிவைத்துவிட்டு, 2006 மார்ச் 1 முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விபத்து நடந்த பிறகு யாரைத் தண்டிப்பது என்று தேடுவதை விட்டு, நடக்கும் முன்பே ஆபத்தை எடைபோட வேண்டிய பொறுப்பை முதலாளி மேலும் தளத்தை நடத்துபவர் மேலும் சுமத்திய சட்டம் அது. 2004இல் ஒரு லட்சம் ஊழியருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம், 2023இல் 0.99க்கு இறங்கியது. 2024இல் மறுபடி 1.2. அந்த ஆண்டு இறந்த 43 பேரில் 20 பேர் கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவர்கள்.

நிக்கல் நெடுஞ்சாலை விபத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று காலையிலிருந்தே பள்ளத்துக்குள் முட்டுக்கொடுத்திருந்த இரும்பிலிருந்து சத்தம் கேட்டது. உத்திரங்கள் வளைவதைப் பார்த்தார்கள். வலுவூட்டும் வேலை நடந்துகொண்டே இருந்தது. ஆட்களை வெளியேற்றும் முடிவை மட்டும் நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. ஹெங் இயோ ஃபியோ என்ற போர்மேன் தன் ஆட்கள் எட்டுப் பேரை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, தான் உள்ளே மாட்டிக்கொண்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஆபத்தைக் கண்ணால் கண்டவர்களுக்குக் குறைவில்லை. நிறுத்து என்று சொல்லும் வாய்தான் கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆக, கார்டு எதற்கு? உங்கள் கம்பெனிக்கு அது வேலை அனுமதிச் சீட்டுக்கான ஒரு தாள். உங்களுக்கு அது ஒரு சாட்சி. 'இந்த ஆளுக்கு ஆபத்து எது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்' என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட சாட்சி. கட்டுமானத்தில் ஆறு ஆண்டு வரை அனுபவம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் உள்ளவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபடி போக வேண்டும் என்ற விதியும் உண்டு. கேள்வித்தாளின் விடைகளை முதல்நாள் இரவே வாட்ஸ்அப்பில் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ் ஆகிவிடுவார்கள். தேர்வுத்தாளில் வராத ஒன்று சைட்டில் வரும்போதுதான் திணறுவார்கள்.

இனி கொக்கிக்கு வருவோம். உயரத்தில் செய்யும் வேலைக்கான விதிமுறைகள் 2013இல் வந்தன. மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரத்திலும் ஓட்டையிலும் தடுப்புக் கம்பியோ மூடியோ இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் 'பெர்மிட் டு வொர்க்' என்ற அனுமதித் தாள் எழுதாமல் தொடங்கக் கூடாது. மூன்றாவது எண் சட்டத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது: 6 மீட்டர்.

அந்த 6 எங்கிருந்து வருகிறது? ஹார்னஸோடு வரும் கயிறு வழக்கமாக 1.8 மீட்டர் நீளம். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கத் தைத்திருக்கும் மடிப்புப் பட்டை பிரிந்து ஏறக்குறைய 1.75 மீட்டர் வரை நீளும். முதுகிலுள்ள வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை ஒன்றரை மீட்டர். தரையில் கால் மோதாமலிருக்க இன்னும் ஒரு மீட்டர். கூட்டினால் ஆறு. அதாவது, கொக்கியை உங்கள் காலடி மட்டத்தில் மாட்டினால் கீழே 6 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அந்த ஹார்னஸ் உங்களைக் காப்பாற்றும். முதல் மாடி உயரத்தில் காலடியில் மாட்டியிருந்தால், பட்டை பிரிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும். அதனால்தான் தலைக்கு மேலே மாட்டு என்கிறார்கள். தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு, பக்கத்தில் சும்மா சாத்தியிருக்கும் கம்பி, இவற்றில் மாட்டுவது மாட்டாமல் இருப்பதைவிட மோசம்; மாட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஓரம்வரை போய்விடுவீர்கள். கொக்கி இல்லாத ஹார்னஸ் சட்டைக்கு மேல் போட்ட இன்னொரு சட்டை, அவ்வளவுதான்.

ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸை மறுபடி போடக் கூடாது. தையல் விட்டது, வெல்டிங் பொறி பட்டுக் கருகியது, இரும்பு வளையம் கோணியது, எதுவானாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பாதுகாப்புக்காகக் கொடுப்பதற்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. தொங்கிக்கொண்டிருப்பவரை உடனே இறக்கவும் ஆள் வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி, அடியே படாதவர்கூட சில நிமிடங்களில் மயங்கிவிடலாம். 'நான் விழுந்தால் யார் இறக்குவார்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத தளத்தில் ஹார்னஸ் பாதி வேலைதான் செய்யும்.

எப்படி மறுப்பது என்று எழுதுவதாகச் சொன்னேன். மறுக்காதீர்கள், கேளுங்கள். "மாட்டேன்" என்று சொன்னால் அது சூப்பர்வைசருக்கும் உங்களுக்கும் சண்டையாகிவிடும், நாலு பேர் முன்னால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, பெர்மிட் காப்பி எங்கே ஒட்டியிருக்கு?" விதிப்படி அந்தத் தாளின் நகலை வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி ஒட்ட வேண்டும். அதை விண்ணப்பிப்பவர் சூப்பர்வைசர், சரிபார்ப்பவர் வேறொருவர், ஒப்புதல் தருபவர் மற்றொருவர். ஆகவே நீங்கள் அந்தத் தாளைக் கேட்கும்போது அங்கே இல்லாத இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். அடுத்து, "கொக்கியை எதுல மாட்டணும்னு காட்டுங்கண்ணே, மாட்டிட்டு ஏறுறேன்." இதில் எதிர்ப்பு ஒன்றுமில்லை. வேலை செய்யத் தயார் என்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது அவருடையது. தவறான இடத்தைக் காட்டி ஆள் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்று அவருக்கும் தெரியும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே இறங்கிவந்து, "இரு, லைஃப்லைன் கட்டச் சொல்றேன்" என்பார்கள்.

கேட்பதைக் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேட்டால் இன்னும் நல்லது. எல்லோரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "இன்னைக்கு அந்த மூணாம் மாடி ஓரத்துல யார் வேலை? அங்கே லைன் கட்டியாச்சா?" என்று பொதுவாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கும் ஆள் தனியாக மாட்டுவான். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்களாதேஷ் நண்பராக இருந்தாலும் சரி, அவருக்கும் அதே பயம்தான்.

இதெல்லாம் நடக்கவில்லை என்றால்? தளத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் போங்கள். ஒப்பந்தத் தொகை ஒரு கோடி வெள்ளி அல்லது அதற்கு மேல் உள்ள தளத்தில் அப்படி ஓர் அதிகாரி இருந்தே ஆக வேண்டும். அவரும் கைவிரித்தால், ஸ்னாப்சேஃப் என்ற செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். அது மனிதவள அமைச்சுக்குப் போய்ச் சேரும். தகவல் தந்தவர் யார் என்பதை ரகசியமாக வைத்திருப்பார்கள். தேதி, நேரம், எந்த மாடி, யார் சொன்னது, இவற்றை உங்கள் போனில் அன்றன்றே குறித்து வையுங்கள். அதிகாரிகளுக்குத் தகவல் தந்ததற்காக ஓர் ஊழியரை நீக்குவதும், நீக்கிவிடுவேன் என்று மிரட்டுவதும் சட்டப்படி குற்றம்.

சட்டம் அப்படிச் சொல்கிறது என்பதற்காகப் பயம் முழுக்கப் போய்விடாது, தெரியும். வேறு காரணம் காட்டி பெர்மிட்டை ரத்து செய்யும் முதலாளிகள் இல்லாமல் இல்லை. உங்கள் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்வரை இந்தப் பயம் முற்றிலும் நீங்காது என்பது என் எண்ணம். சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: அப்படி நடந்தால் கையெழுத்து எதுவும் போடாமல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். விமான நிலையம் வரை கொண்டுபோய்விட்டாலும், குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்கு இன்னும் முடிவாகாத வழக்கு இருக்கிறது" என்று சொன்னால் அவர் அமைச்சுக்குத் தெரியப்படுத்துவார்.

பயிற்சி ஒரு மனிதன் உடம்பில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் 2025 ஜூலை 26ஐ நினைத்துப் பாருங்கள். தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று விழுந்த பள்ளத்துக்குள் ஒரு கார் ஓட்டுநரோடு போய்விட்டது. பக்கத்துத் தளத்தில் வேலை செய்த நம் தொழிலாளர்கள் ஏழு பேர் ஓடினார்கள். ஒருவரும் உள்ளே குதிக்கவில்லை. மேலிருந்து கயிற்றை இறக்கி, காரை விட்டு வெளியே வந்த பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒன்றாக இழுத்தார்கள். சில நிமிடங்களில் அவர் மேலே வந்துவிட்டார். அதிபர் தர்மன் இஸ்தானாவுக்கு அழைத்துப் பாராட்டினார். பத்திரிகைகள் வீரம் என்று எழுதின, சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது அவர்கள் குதிக்காமல் நின்றது. சரிந்துகொண்டிருக்கும் மண்ணுக்குள் உதவிக்குப் போகிறவர் இரண்டாவது பிணமாவதுதான் வழக்கம்.

குழி, தொட்டி, மேன்ஹோல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2024 மே 23 அன்று சுவா சூ காங் நீர் நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி இந்திய ஊழியர் ஒருவர் இறந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. 'வாசனை போயிடுச்சு, இனி பரவாயில்லை' என்று இறங்குகிறவர்கள் உண்டு. வாயு அளவை மூக்கு சொல்லாது, கருவிதான் சொல்லும். உள்ளே ஆக்ஸிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 23.5க்கு மிகாமலும் இருக்கிறது என்று அளந்து எழுதிய தாள் இல்லாமல் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே போகாதீர்கள், கூடப்பிறந்தவனாக இருந்தாலும்.

வெயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் ஒரு வரி. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், கடும் வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமும், 33ஐத் தொட்டால் 15 நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும். 2023 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது.

உங்கள் நண்பர் விஷயம். ஆபீஸில் சொன்னது தவறு. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு டாக்டர் ஒரே ஒரு நாள் லைட் டியூட்டி எழுதினாலும் முதலாளி அதை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து நாளுக்குள். எம்.சி. எழுதாமல் லைட் டியூட்டி எழுதச் சொல்லிக் கணக்கை மறைத்த பழைய வழக்கத்துக்குப் போட்ட பூட்டு அது. லைட் டியூட்டி நாளில் குறையும் வருமானத்துக்கும் இழப்பீடு உண்டு. எம்.சி. கிடைத்தால் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் வரையிலும் முழுச் சம்பளம், அதன்பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. மருத்துவச் செலவும் முதலாளியுடையது. 2025 நவம்பர் முதல் அதன் உச்சவரம்பு 53,000 வெள்ளி. யார் தவறு என்று பார்க்காமல் கிடைக்கும் இழப்பீடு இது. உங்கள் நண்பர் சொந்தக் கவனக்குறைவால் அடிபட்டிருந்தாலும் உரிமை போகாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். இன்று சிறு வலியாக இருக்கும் கைக்கு ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அன்றைக்கு 'இங்கே அடிபட்டதற்கு ஆதாரம் எங்கே?' என்பார்கள். கிளினிக் சீட்டைத் தூக்கிப் போடாமல் படமெடுத்து ஊருக்கும் ஒரு நகல் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

காயத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், லிட்டில் இந்தியாவில் கஃப் சாலைப் பெயரில் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு 2008 முதல் நடத்திவரும் இலவச உணவுத் திட்டத்தைப் போய்ப் பாருங்கள். வழக்கு முடியாமல், வேலை செய்யவும் அனுமதியில்லாமல், ஸ்பெஷல் பாஸை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் சாப்பிட வருவார்கள். அவர்களில் சேஃப்டி கோர்ஸ் பாஸ் ஆனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பாஸ் ஆகாமல் சைட்டுக்குள்ளேயே போயிருக்க முடியாதே! லிட்டில் இந்தியாவுக்கு வரும்போது அவர்களில் ஒருவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

கடைசியாக, உங்கள் சூப்பர்வைசரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவருக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, நீங்களும் ஒரு காலத்தில் கடனோடு வந்தவர்தான். மேலே இருப்பவர் உங்களை விரட்டுகிறார், நீங்கள் கீழே இருப்பவரை விரட்டுகிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் விசாரணை என்று வந்தால், 'ஏறச் சொன்னது யார்?' என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தவர் உயிரைப் பற்றி யோசிக்காமல் ஆபத்தான காரியம் செய்பவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அவர் கம்பெனி முதலாளியாக இருக்க வேண்டும் என்றில்லை. லைஃப்லைன் கட்ட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை மேலிடத்தில் கேட்டு வாங்குவதும் உங்கள் வேலைதான்.

தம்பி, வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண்: 6536 2692. இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரையும் இந்த வாரமே கூப்பிடச் சொல்லுங்கள், தமிழிலேயே பேசலாம்.